ஐம்பத்தேழாவது சட்டை

காலரின் மேல் இஸ்திரிப்பெட்டி ஏறும்போது பாட்டின் முதல் அடி வரும். முழுக்கையின் நுனியில் கஃப்பை விரித்துத் தேய்க்கும்போது இரண்டாவது. முதுகுக்கு மூன்றாவது. பொத்தான்களுக்கு நடுவே பெட்டியின் மூக்கை நுழைத்து முன்பக்கத்தை முடிக்கும்போது நான்காவது. சட்டையை மடித்து அடுக்கினால் ஒரு பாட்டு முடிந்தது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மின்மீட்டர்களுக்கு எதிரே உள்ள அறையில் இருக்கும் இஸ்திரிக்காரர் பழைய பக்திப் பாடல்களை மனப்பாடம் செய்யும் முறை இதுதான்.

"புத்தகத்தைப் பிடிச்சா துணி கருகுது சார். துணியைப் பிடிச்சா பாட்டு ஓடுது. அதான் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டேன்."

ஐம்பது தாண்டியவர். வலது முன்கையில் முடி கிடையாது, நீராவி எடுத்துக்கொண்டுவிட்டது. பேன்ட்டுகளுக்குப் பாட்டு இல்லை. "ரெண்டு காலை வச்சுக்கிட்டு நாலடிக்கு எங்க போறது?" என்பார். அரைக்கைச் சட்டைகளுக்கு கஃப் இல்லாததால் அவற்றையும் ஒதுக்கிவைத்து, மதியத்தில் வாயை மூடிக்கொண்டு தேய்ப்பார்.

பிடித்த இடம் வந்தால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவார். "வர்றேன்னு சொன்ன கடவுள் வரலை. பாடுன மனுஷன் என்ன கேக்குறாரு பாருங்க, வழியில யாராவது உன்னை நிறுத்திட்டாங்களாங்கறாரு! கோவத்துலயும் சாமிக்கு ஒரு சாக்கு எடுத்துக் குடுக்குறாரு சார்." சொல்லிவிட்டு ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கேட்டால் சூடு என்பார்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த என் அக்கா, மாலையில் வீடு திரும்பும் வழியில் அங்கே முக்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்வது சரிதானா என்று பாட்டுப் புத்தகத்தில் பார்ப்பாள். இரக்கமே இல்லாத காது அவளுக்கு.

"அண்ணே, ஒரு சொல் மாறினா மருந்து மாறின மாதிரி. மறுபடி காலர்லேர்ந்து வாங்க."

"தேய்ச்சதையே தேய்ச்சா நூல் பிஞ்சு பொத்தான்தான் மிஞ்சும் மருந்தம்மா. சட்டைக்காரருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

"சொல்றேன். நீங்க முதல்ல பாட்டைச் சொல்லுங்க."

அந்தப் புத்தகத்தின் நூறு பாட்டில் ஐம்பத்தேழாவது மட்டும் அவருக்கு மசியவில்லை. அதை மனப்பாடம் செய்த அன்று, என்னுடைய சாம்பல்நிற அரைக்கைச் சட்டை ஒன்று குவியலில் தவறிக் கலந்திருந்தது. கஃப் இல்லை. இரண்டாம் அடி நாக்கில் ஏறவே இல்லை. புறப்பட்டு நிற்கும் கடவுளிடம் 'கொஞ்சம் இரு' என்று கெஞ்சும் அடி அது. அதை விட்டுவிட்டால் பக்தர் சிரித்த முகமாக வழியனுப்பி வைப்பது போல ஆகிவிடும்.

"கஃப் எங்கே?" என்று அக்கா முக்காலியிலிருந்து கத்துவாள். "இரு-ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? நீங்களே செருப்பை எடுத்துக் குடுத்து அனுப்பிடுவீங்க போல."

நூறையும் ஒரே நாளில், நூறு சட்டையில், பிசகாமல் ஒப்பித்துக் காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தார். நாளும் குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால் அவள் இறந்துபோனாள்.

மூன்று மாதம் கழித்து முதல்முறையாக மாடியேறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"கேக்க ஆள் இல்லாம பாட்டெல்லாம் உதிருது சார். நேத்து பதினேழாவதைத் தேடிப் பிடிக்க நாலு சட்டை ஆயிடுச்சு. மிச்சமும் போறதுக்குள்ள மருந்தம்மாகிட்ட சொன்னதை முடிச்சிடணும். அவங்க புத்தகத்தை எடுத்துட்டு வாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க சட்டைங்களையும் கொண்டாங்க. இந்தக் கசங்கலோட நீங்க அலைஞ்சா அவங்க என்னைத்தான் திட்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினார். முக்காலி காலியாகவே இருந்தது. நான் சுவரில் சாய்ந்து நின்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். பதினேழாவது பாட்டில் கொஞ்சம் தடுமாறி, முதுகில் பெட்டி ஏறும்போது சமாளித்துவிட்டார். ஐம்பத்தாறு சட்டைகள் அடுக்கில் ஏறின. அடுத்து இருந்த முழுக்கைச் சட்டையை ஒதுக்கிவிட்டு, நான் கொண்டுபோன பையைத் துழாவி அந்தச் சாம்பல்நிறச் சட்டையை உருவினார்.

"இது வேண்டாமே" என்றேன்.

"இதுலதானே சார் நழுவுச்சு. இதுலயே பிடிச்சாத்தான் அவங்க ஒத்துக்குவாங்க."

பக்கத்தின் ஓரத்தில் அக்கா பென்சிலால் 'கஃப்?' என்று எழுதியிருந்தாள். காலர் முடிந்தது, முதல் அடி வந்தது. பெட்டி குட்டைக் கையின் விளிம்பில் வந்து நின்றது. அவர் முக்காலியைப் பார்த்தார்.

பிறகு பெட்டியை நகர்த்தினார். துணி முடிந்த இடத்தைத் தாண்டி, கஃப் இருந்திருக்க வேண்டிய வெறும் பலகையின் மேல், மெதுவாக அழுத்தித் தேய்த்தபடி இரண்டாம் அடியை முழுதாகச் சொன்னார். சட்டையைத் திருப்பிப் போட்டு, மற்றக் கைக்கும் அப்படியே செய்தார்.