பிளவுக்கு அப்பால் அண்ணன் குறித்த இடம்

காலை ஒன்பது நாற்பதுக்கு அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே சரிந்தார். கும்மிடிப்பூண்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் மகள் அப்போது கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்தாள். பூமிக்கடியில் கைப்பேசி கிடையாது.

அண்ணன் ஆரணியை ஒட்டிய கிராமத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, வயலையும் பார்த்துக்கொண்டு நிலவியல் படித்தார். என்னையும் படிக்க வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலேரியாவோடும் மழையோடும் கோதாவரிப் படுகையின் துளையிடும் முகாம்களிலேயே அவர் காலம் கழிந்தது.

இருபுறமும் பிளவு விட்டு நடுநிலம் கீழிறங்கிய நீண்ட பள்ளம்தான் அந்தப் படுகை என்பார். பள்ளம் இறங்க இறங்க, ஆறு மணலைக் கொட்டியது. காடு மக்கிப் படிந்து அடுக்கடுக்காகக் கரியானது. பிறகும் நிலம் பிளந்ததால், சீராக வரும் நிலக்கரி அடுக்கு ஓரிடத்தில் திடீரென்று அறுந்து நிற்கும். மறுபக்கம் அது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று கணிப்பதே அவர் வேலை. அப்படி அவர் குறித்துக் கொடுத்த ஓரிடத்தில், அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் துளை போட்டார்கள். அங்கே நிலவியலாளராகச் சேர்ந்திருந்த என் மகள்தான் அந்த வேலையைக் கவனித்துவந்தாள்.

"இன்னாமா, கரி தட்டிச்சா?" என்று அண்ணன் தினமும் ஃபோனில் கேட்பார்.

"இருங்க மாமா, பூமி எங்கயும் ஓடிப்போவாது" என்பாள்.

மதியம் அவள் மேலே வந்து அழைத்தாள். இறப்பை ஃபோனில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தனியாக ரயிலில் வரவேண்டிய பெண் வேறு.

"மாமாவுக்கு சீரியஸ், உடனே கெளம்பி வா."

"அவர்கிட்ட குடும்மா."

"ஐசியூல இருக்காரு. யாரையும் உள்ள விடல."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அம்மா, அவர் சொன்ன ஆழத்துல கரி இல்ல. நேத்தே தெரிஞ்சிபோச்சி. இப்ப சொல்லாத, தாங்கமாட்டாரு. ஒடம்பு தேறட்டும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தபடியே "சரி" என்றேன்.

அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழியில் யாராவது உளறிவிட்டால்? எந்த நிலையத்தில், யார் மடியில் விழுந்து அழுவாள்?

"சும்மா சும்மா ஃபோன் பண்ணிக்கினு இருந்தீன்னா அதுக்கு டவுட் வந்துடும்கா. நான் போய் இட்டுக்கினு வரேன்" என்றார் எதிர்வீட்டுத் தம்பி. மறுநாள் விடியலில், அவள் ரயில் வரும் வழியில் ஆந்திரத்திலிருக்கும் கூடூர் நிலையம்வரை கார் ஓட்டிப்போன அவருக்கும், பந்தல் போட்ட தெருவாருக்கும், "இன்னும் எவ்ளோ நேரம் வச்சிருப்பீங்க?" என்று கேட்காமல் காத்திருந்த உறவினர்களுக்கும் அன்று நன்றி சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்று கைகூப்பிச் சொல்கிறேன்.

கார் தெருமுனையில் நின்றது. பந்தலைப் பார்த்ததும் அலறுவாள், ஏன் மறைத்தாய் என்று என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்து வாசலில் நின்றேன். அவள் மெல்ல நடந்து என்னைக் கடந்து போனாள். பெட்டியருகே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் கை வைத்தாள்.

"மாமா, நீங்க சொன்ன ஆழத்துல இல்ல. தொளையில ரெண்டு எடத்துல கல்லு நொறுங்கி வந்துச்சி. பிளவு ஒண்ணு இல்ல மாமா, ரெண்டு. கரி இன்னும் ஒரு படி கீழ எறங்கியிருக்கு."