ஒரே ஒரு கண்ணாடி

கண்ணாடிக்காரி என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவள் கடையைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து டீக்கடைக்காரரே தலையைச் சொறிவார். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அப்பா வைத்திருந்தது. அவர் போன பிறகு, ஒரு பெண்பிள்ளை கண்ணாடியோடு மல்லுக்கட்ட முடியுமா என்று ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பாட்டுக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டாள். வைரமுனையால் ஒரு கோடு, மேஜை விளிம்பில் வைத்து ஒரு அமுக்கு, அவ்வளவுதான். கண்ணாடி அவள் சொன்ன இடத்தில் இரண்டாகும்.

கடைச் சுவரில் பட்டம் வாங்கியவர்களும், மாலையும் கழுத்துமாக நிற்பவர்களும், பிறந்து பத்து நாளான குழந்தைகளும், காலமானவர்களும் பசை காயும்வரை வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். கைக்குழந்தைப் படத்தை வாங்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்: "அடுத்தவங்க பிள்ளைக்கெல்லாம் சட்டம் போடுறியே, உன் பிள்ளைக்கு எப்போ போடப்போற?"

"போடலாங்க. ஆர்டர் குடுத்திருக்கேன், வர லேட்டாகுது" என்பாள் அவள். கேட்டவள் சிரித்துக்கொண்டே போவாள். இவள் அடுத்த கண்ணாடியை எடுப்பாள்.

கல்யாணமாகிப் பல வருடம். கணவன் சின்னச் சரக்கு ஆட்டோ வைத்திருந்தான். அவள் கடையின் பெரிய சட்டங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவன்தான். கடைசியில் இருவருமாக மருத்துவமனை ஏறினார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. அவள் உடம்பிலிருந்து எடுத்த முட்டைகள் அவன் அணுக்களோடு ஆய்வகத்தில் சேர்ந்தன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வளர்ந்தவற்றில் பாதிக்கு மேல் நடுவழியில் நின்றுபோக, இரண்டே இரண்டு ஐந்தாம் நாளைத் தொட்டன. ஒன்றைக் கர்ப்பப்பையில் வைப்பது, மற்றதை உறையவைத்துப் பத்திரப்படுத்துவது என்று ஏற்பாடு.

வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

"ஓரமா ஒரு திட்டு தெரியுது பாருங்க, அதுதான் பிள்ளையா வளரும். சுத்தி மெல்லிசா வரிசை கட்டியிருக்கே, அது நஞ்சுக்கொடியா மாறும். இன்னும் ஓடு மாதிரி ஒரு உறைக்குள்ள இருக்கு. அதை உடைச்சுக்கிட்டு வெளிய வந்து, கர்ப்பப்பைச் சுவத்துல ஒட்டி, உள்ள பதியணும். அது அதோட வேலை."

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், கூட வந்திருந்த மாமியார் கேட்டாள்: "படுத்தே இருக்கணுங்களா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "ரெஸ்ட் எடுக்கட்டும், எடுக்கட்டும். நல்லதுதானே."

தண்ணீர்ச் சத்தத்தோடு வந்த அந்த நாலு வார்த்தையை மாமியார் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டதைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மருத்துவமனையில் அந்த வட்டத்தைப் படமாக அச்சடித்துத் தந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அதைக் கோப்புக்குள் செருகியிருப்பார்கள். சட்டம் போடும் வீட்டு ஆள் அப்படிச் செய்வானா? அவள் படுத்திருந்த நேரத்தில் கணவன் கடைக்குப் போய், அதுவரை தொட்டறியாத ரம்பத்தை எடுத்து, தானே அறுத்து, தானே ஆணி அடித்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். ஒரு மூலை சரியாகச் சேராமல் பல்லிளித்தது. கூடத்தில் மாட்டினான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டும் சொன்னான்.

நாத்தனார் வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "இதுல என்னடா தெரியுது? அச்சு அசல் நம்ம அப்பா மண்டை. ஒரு முடிகூட இல்லை."

மாமியாரே சிரித்துவிட்டாள். படுக்கையில் கிடந்தவளும் சிரித்தாள். அப்புறம், இப்படிச் சிரித்தால் அசைந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பயத்தை அவள் மனதில் வைத்தது யார்?

மூன்றாம் நாள் மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த வேளையில் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அன்று காலைதான் அவர் மனைவி இறந்திருந்தாள். பெரிதாக்கிய படம் ஒன்று கையில் சுருண்டிருந்தது. "கடை பூட்டியிருக்குதும்மா. எல்லாரும் வர்றதுக்குள்ள அவளை ஒரு சட்டத்துக்குள்ள வெச்சுட்டாப் போதும்" என்றார்.

அவள் எழுந்தாள். கணவன்தான் ஆட்டோவில் அழைத்துப் போனான். கண்ணாடியின் மறுமுனையை அவன்தான் பிடித்துக்கொண்டான். ஒரு கோடு, ஒரு அமுக்கு. பெரியவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் அவள் மறுபடி படுக்கையில் இருந்தாள்.

கரு ஒட்டவில்லை. ரத்தப் பரிசோதனை சொன்னது, மருத்துவமனை போனில் சொன்னது. போனை வைப்பதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"அந்தப் பெரியவர் என்னைத் தெருவுல பாத்து, உன் மருமக கைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்னு கையெடுத்துக் கும்பிடுறாரு" என்றாள் மாமியார். "அப்பதான் எனக்கே தெரியுது. நான் இந்தப் பக்கம் போனதும் நீ அந்தப் பக்கம் போயிருக்க!"

"ஒரே ஒரு கண்ணாடி, அத்தை."

"ஒண்ணு போதாதா? டாக்டரம்மா என் காதுபட ரெஸ்ட்னு சொன்னாங்க."

நாத்தனார் நடித்தே காட்டினாள். "காலை அகட்டி நின்னு, இப்படி அமுக்கியிருப்பா. எது தங்கும்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். நான்தான் அழைத்துப் போனேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சை அவன் விடவில்லை. எல்லாரும் அவள் தனியாகத் திருட்டுத்தனமாகப் போனதாகவே நினைத்தார்கள். அவன் நினைக்கவிட்டான்.

அவள் அழவில்லை என்று பிற்பாடு அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கல் நெஞ்சு, கண்ணாடியோடு பழகிப் பழகி இப்படி ஆகிவிட்டாள் என்றுகூடச் சொன்னார்கள். அவளை அழ விட்டால்தானே அழுவாள்? குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தப்பட்டவளுக்கு, பதில் சொல்லவே வாய் போதவில்லை. யாராவது போய்ச் சேர்ந்தால் வீட்டுக்கு ஆள் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிறது. இதற்கு ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் துப்புத் துலக்கத்தான் வந்தார்கள். உப்புக்கல்லைவிடச் சின்னதாக ஒன்று அவளுக்குள் வந்து, தங்க முடியாமல் போயிற்று. அது போனதற்காக நெஞ்சு வலிக்க அவளுக்கு உரிமை இல்லையா? சின்னதென்றால் துக்கமும் சின்னதா?

ஒரு நாள் கூடத்தில் படம் இல்லை. அதே ஆணியில் மாதக் காலண்டர் தொங்கியது. எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் குரல் உடைந்துவிடும். உடைந்தால் அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

உறையவைத்த இன்னொரு கரு இருக்கிறதே, அதைப் பற்றி மாமியார் முடிவாகச் சொன்னாள்: "கடையை மூடினாத்தான் அடுத்தது. இல்லைன்னா வேண்டவே வேண்டாம்." கணவன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவள் கடைக்குப் போனபோது ஷட்டரில் அட்டை தொங்கியது. 'கடை வாடகைக்கு.' அவன் கையெழுத்து. கோணல்மாணலாக வெட்டிய அட்டை வேறு யாருடையது? அவளுடையது. படத்தைச் சுற்றி வைக்க அவள் வாங்கி அடுக்கியிருந்த நல்ல வெள்ளை மவுண்ட் அட்டையில் ஒன்று.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே, "தங்கச்சி, சொல்லாமக் கொள்ளாம எங்க கிளம்புற?" என்றார்.

"நான் எங்கேயும் கிளம்பலைண்ணே. என்னைக் கிளப்புறாங்க."

அட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நேரே வீட்டுக்குப் போனாள். "கிளம்புங்க ரெண்டு பேரும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு மாமியார்கூட எங்கே என்று கேட்காமல் செருப்பைத் தேடினாள்.

டாக்டரம்மாவின் மேஜைமேல் அட்டையை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்களால வந்தது, டாக்டரம்மா. படிச்சுப் பாருங்க."

"கடை வாடகைக்கு... இதை எதுக்கு எங்கிட்ட?"

"போன தடவை நடுவுல எந்திரிச்சுப் போய் ஒரு கண்ணாடி வெட்டினேன். அதனாலதான் ஒட்டலைன்னு வீட்ல தீர்ப்பு எழுதியாச்சு. ஆமாவா, இல்லையா? ஆமான்னா நானே பூட்டிட்டுச் சாவியைக் குடுத்துடறேன். இல்லைன்னா இவங்க காது கேக்கச் சொல்லுங்க."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இல்லைம்மா. கரு நின்னுபோனா பெரும்பாலும் காரணம் அதுக்குள்ளயேதான் இருக்கும். முட்டை உருவாகும்போதோ, முதல் ரெண்டு மூணு தடவை பிரியும்போதோ குரோமோசோம் கூடக்குறைய ஆயிடும். வெளிய பாத்தா அழகாத்தான் தெரியும். வீட்ல தானா உண்டாகிறதுலயே எத்தனையோ ஒட்டாமப் போயிடுது, அந்தப் பொண்ணுக்கே தெரியாது. சில சமயம் ஏன்னு எங்களுக்கும் தெரியறதில்லை. ஆனா நின்னதால, நடந்ததால, வேலை பாத்ததால போகலை."

மாமியார் விடவில்லை. "அவ்வளவு சின்னது, ஆடினா நழுவி விழுந்துடாதுங்களா?"

"நழுவி விழ அது காலி ரூம் இல்லைம்மா. கர்ப்பப்பையோட ரெண்டு சுவரும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும். நடுவுல கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்."

மழைநாளில் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கண்ணாடித் தகடுகள் அவள் நினைவுக்கு வந்தன. பிரிக்கவே பாடாய்ப் படுத்தும். நடுவில் ஒரு எள் சிக்கினால் எந்தக் குலுக்கலுக்கும் விழாது. இத்தனை நாளாய், அவளுக்குள்ளே இருந்தது ஏதோ பரணிலிருந்து உருளும் எலுமிச்சம்பழம் என்பதைப் போலல்லவா பேசினார்கள்!

"ஆனாலும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருந்தா..." என்று டாக்டரம்மா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

"ஆனாலும் வேண்டாம், டாக்டரம்மா." அவள் எழுந்தே விட்டாள். "அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எங்க அத்தை எனக்குத் தூக்குக்கயிறு திரிச்சாங்க. தேவையில்லைன்னா அன்னைக்கு ஏன் சொன்னீங்க?"

"எல்லாரும் கேக்கறாங்கம்மா. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா, அக்கறையில்லாத டாக்டர்னு நினைக்கறாங்க. ஒரு மனத் திருப்திக்குத்தான்..."

"யார் மனசுக்கு?"

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "உங்க மருமக மேல எந்தத் தப்பும் இல்லைம்மா."

அப்போதுதான் கணவனுக்கு வாய் திறந்தது. "அம்மா, நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். கண்ணாடியை நான்தான் பிடிச்சேன்."

மாமியார் அவனையே பார்த்தாள். "அப்போ இத்தனை நாளும் அவளைத் திட்டினேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

அவன் மறுபடி தரையைத்தான் பார்த்தான். கண்ணாடிக்காரிக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அட்டையை எடுத்து மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பல நாள் மாமியார் மகனுக்குத் தட்டில் சோற்றைப் போட்டாள், பேச்சைப் போடவில்லை. நாத்தனார் போனில் எதையோ ஆரம்பித்தபோது, "நீ உன் வீட்டைப் பாரு" என்று வைத்துவிட்டாள். மருமகளிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வயதில் அந்த வாய்க்கு அது வராது. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடையை மூடுகிற பேச்சு அதோடு நின்றது.

இரண்டாவது கருவை வைத்த மறுநாள் அவள் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினாள். மாமியாரும் பின்னாலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "வீட்ல தனியா என்ன பண்றது, அதான்" என்றாள். வைரமுனை கோடு கிழிக்கும் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் அவள் தோள் குலுங்கியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று மருமகளுக்குத் தெரியும்.

அதுவும் ஒட்டவில்லை.

போனை வைத்தபோது வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். நீ என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். பதில் சொல்ல வேண்டிய வேலை இல்லாததால், அத்தனை மாதமாக அடங்கிக் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது. முதலாவதுக்கும் சேர்த்து அழுதாள். கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையைத் தொடப் பயந்தவனைப் போல அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பழைய துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்தாள். பிரித்தால், மூலை சேராத அந்தச் சட்டம். கண்ணாடிகூடத் துடைத்திருந்தது.

"தூக்கிப் போட மனசு வரலை" என்றாள். பிறகு, இந்த முறை மருத்துவமனையில் தந்த படத்தையும் அதன்மேல் வைத்தாள். "ரெண்டையும் ஒரே சட்டத்துல போட முடியுமா?"

கண்ணாடிக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தாள். "புது மவுண்ட் வெட்டணும், அத்தை. ரெண்டு வட்டம். கையால வட்டம் வெட்டுறது கஷ்டம்."

மறுநாள் கடையில் மேஜைக்கடியில் துழாவி, 'கடை வாடகைக்கு' அட்டையை எடுத்தாள். திருப்பிப் போட்டாள். பின்பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.