கேள்விக்காரர் வீட்டு அத்தி

அவருடைய சலூனில் தலையைக் கொடுப்பவர்கள் காதையும் வாயையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டியதுமே ஆரம்பித்துவிடுவார். பஸ் ஓட்டுபவர் உட்கார்ந்தால், "அவ்ளோ பெரிய வண்டிக்குப் பின்னாடி என்ன வருதுன்னு எப்படிங்க தெரியுது?" என்பார். பல் டாக்டர் உட்கார்ந்தால், "உங்க பல்லுக்கு வலி வந்தா யார்கிட்ட போவீங்க?" என்பார். தப்பித்து ஓட வழியில்லை, கத்தி கழுத்தில் இருக்கும். தெருவில் அவருக்குக் கேள்விக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. "கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?" என்று அதற்கும் ஒரு கேள்விதான் வரும்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தக் கடைக்கு அத்தி பூத்தாற்போல எப்போதாவது வருவார். ஒருநாள் கைக்குட்டையில் சுற்றி ஒரு பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கருநீலமாக, குண்டாக, தொட்டாலே அமுங்கியது. கேள்விக்காரர் அதுவரை பார்த்த அத்திப்பழமெல்லாம் மளிகைக் கடையில் தட்டையாக்கிக் கயிற்றில் கோத்த காய்ந்த சமாச்சாரம்தான். பிட்டுப் பார்த்தார். உள்ளே சிவப்பாக, ஈரமாக, நெருக்கமாக என்னவோ இருந்தது.

"என்னங்க இது, உள்ள இவ்ளோ நாரு?"

"நாரு இல்லப்பா, பூ. அத்திக்குப் பூவெல்லாம் காய்க்குள்ளதான்."

அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சமே படாமல் எப்படிப் பூக்கும்? யாரும் பார்க்காத பூ எதற்கு? எப்போது பூ, எப்போது பழம்? சமையல்காரரின் கன்னத்தில் பூசிய சோப்பு நுரை காய்ந்து உதிர்ந்தது. கேட்டுக்கொண்டே தின்றதில், வீட்டுக்குப் பாதி கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பு வந்தபோது கையில் காம்புதான் மிச்சம்.

சாப்பிட்டதை ஒளிக்கத் தெரியாத மனிதர். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ருசியை வர்ணித்துவிட்டு அசடு வழிந்தார். அந்தம்மா தையல்காரி. வாயில் குண்டூசியைக் கடித்தபடியே, "நல்லா இருந்துச்சுன்னு கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் குத்தல் அவருக்குச் சுருக்கென்றது. "நம்ம வீட்லயே காய்க்க வைக்கிறேன். மொதப் பழம் உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை சமையல்காரர் வந்தபோது, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு குச்சி வந்து சேர்ந்தது.

அதை நடுவதற்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று. வீட்டின் பின்பக்கம், குளியலறைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு மண். அதன்மேல் அந்தம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. அவருடைய தையல் மெஷின் நடைவழியில் கிடந்தது. வருகிறவர் போகிறவர் முட்டியெல்லாம் அதில் இடிக்கும், தைத்து அடுக்கிய துணிமேல் செருப்புத் தூசி விழும். பின்பக்கம் ஒரு அறை கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருந்தாலும் புருஷன் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து மனசு இளகிவிட்டது. "காய்க்குதான்னு பாப்போம். காய்க்கலைன்னா அங்க ரூமு" என்றார். கேள்விக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

குச்சி பிடித்துக்கொண்டது. முதல் வருஷம் கைவிரல் மாதிரி ஐந்து பிரிவாக இலை விட்டது. இரண்டாம் வருஷம் மதிலை எட்டிப் பார்த்தது. குளிர் வந்ததும் இலையெல்லாம் கொட்டி, கொம்புகளைத் திசைக்கொன்றாக நீட்டிக்கொண்டு நின்றது.

அங்கேதான் வந்தது வினை. நாள் முழுக்க தலைகளைச் சீராக்கும் கைக்கு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பரட்டைத் தலை நிற்பது பொறுக்குமா? கடை விடுமுறை நாளில் ஸ்டூலைப் போட்டு ஏறி, நான்கு பக்கமும் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு கொம்பின் நுனியையும் ஒரே மட்டமாக நறுக்கினார். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. தாடியில் கீறல் விழுந்தால் தேய்க்கும் படிகாரத்தை எடுத்துவந்து மரத்துக்கும் தேய்த்துவிட்டார். அந்தப் பால் பட்டுத் தன் கை அரித்ததற்கும் அதே படிகாரம்தான்.

துடைப்பத்தோடு வந்த அந்தம்மா குப்பையைக் கூட்டிக்கொண்டே, "நுனியை விட்டுடுங்களேன், அப்படியே இருக்கட்டுமே" என்றார்.

"துணின்னா நீ வெட்டு. தலைன்னா எங்கிட்ட விட்டுடு" என்று சிரித்தார் கேள்விக்காரர்.

அந்தம்மா குப்பையிலிருந்து ஒரு நுனியைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு முறத்தில் போட்டார்.

மரம் காய்க்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. இலை மட்டும் முறம் முறமாக விட்டது. கோடையில் புதுக் கொம்பு நீளும்போதெல்லாம் இவரும் விடுமுறைக்கு விடுமுறை நறுக்கி, மரத்தைக் குடை மாதிரி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்து, என்ன அழகு என்று மெச்சினார்கள். அழகை வைத்து நாக்கில் தடவவா முடியும்?

ஏன் காய்க்கவில்லை என்பது அவர் மண்டையைக் குடைந்தது. நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரையும் விடவில்லை. கறிக்கடைக்காரர் வேரில் எலும்பைப் புதைக்கச் சொன்னார். புதைத்தார், தெருநாய்கள் தோண்டி எடுத்து விருந்து சாப்பிட்டன. பஸ் ஓட்டுபவர் தண்ணீர் போதவில்லை என்றார். ஊற்றினார், இலை மஞ்சளாகிக் கொட்டியது. பேங்க் காவலாளி, மரத்தை மிரட்ட வேண்டும் என்றார். கேள்விக்காரர் கையில் அரிவாளோடு போய், "காய்க்கிறியா இல்லையா?" என்று அதையும் கேள்வியாகவே கேட்டார். சமையலறை ஜன்னலில் நின்ற அந்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரை ஏறியது. பல் டாக்டர், இது ஆண் மரமாக இருக்கும் என்றார். அன்று முழுக்கக் கேள்விக்காரருக்குக் கை ஓடவில்லை. கப்பல் சமையல்காரரிடம் கேட்டுவிடலாம் என்றால், அவர் மகன் வீட்டோடு வெகுதூரம் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

நான்காவது கோடையும் வெறுமையாகக் கழிந்ததும் அந்தம்மா துணியை மடித்தபடி சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க, நானும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தேன். வர்ற கோடை வரைக்கும் பாப்போம். அப்பவும் இல்லைன்னா கொத்தனாரை வரச் சொல்லிடுவேன்."

நியாயம்தான். ஆனாலும் மரம் போவது ஒரு பக்கம். முதல் பழம் உனக்குத்தான் என்று சொன்ன வாய் பொய்யாகிவிடுமே என்ற வருத்தம் இன்னொரு பக்கம். இந்த முறை இன்னும் ஒழுங்காகக் கவனிப்போம், இன்னும் திருத்தமாக வெட்டுவோம் என்று முடிவு செய்து, இலை கொட்டத் தொடங்கியதும் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கத்தரிக்கோல் முதல் கொம்பைத் தொடுவதற்குள் ஸ்டூலின் கால் ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்டு வீட்டில் உட்கார்ந்தார். மைத்துனர் வந்து கடையைப் பார்த்துக்கொண்டார். கேள்வி கேட்க ஆளில்லாமல் கேள்விக்காரர் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. அதைவிடப் பெரிய தவிப்பு அந்த மரம். கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டில் பிடி வரவில்லை. சீப்பைத் தூக்கினாலே கை நடுங்கியது. குளிர் முழுக்க அது கேட்பாரில்லாமல் நின்றது. வெயில் வந்ததும் இஷ்டத்துக்கு நீண்டு, மதிலைத் தாண்டி, துணிக்கொடியைப் பிடித்து இழுத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து விரல் நமநமவென்றது. "மச்சானை விட்டு ஒரு வெட்டு வெட்டச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"அவனுக்குக் கடையிலேயே வேலை சரியா இருக்கு. கெடக்கட்டும்" என்றார் அந்தம்மா.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். போன வருஷத்துக் கொம்புகளின் நுனிகளில், இலைக்காம்புக்குப் பக்கத்தில், பச்சையாகக் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன. ஒன்றில்லை, இரண்டில்லை. வாயில் நுரையோடு கத்தினார். அந்தம்மா வந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அது அவருக்கு உறைக்கவுமில்லை.

காய் பெருத்து நிறம் மாறத் தொடங்கியதும் பறவைகள் வந்தன. கேள்விக்காரர் கைதட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பார்த்தால், அந்தம்மா ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, வாயில் நாடா கோத்து, ஒவ்வொரு காய்க்கும் மாட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது என்று மரமே துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது. காய்த்தால் இவளுடைய அறை போய்விடுமே, பிறகு ஏன் இதற்குச் சட்டை தைத்துப் போடுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பழுத்த முதல் பழம் கழுத்துத் தொங்கி, அடியில் ஒரு சொட்டுத் தேனோடு நின்றது. பையை அவிழ்த்து இடது கையால் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மா மெஷினை நிறுத்திவிட்டு, பிட்டு, உள்ளே பார்த்தார். சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னதைவிட நல்லா இருக்கு" என்றார் கடைசியில்.

கேள்விக்காரர் வழக்கம்போலக் கேள்வியில் இறங்கினார். "ஆமா, இத்தனை வருஷம் இல்லாம இப்ப மட்டும் எப்படிக் காய்ச்சுது? மிரட்டினது இப்பத்தான் வேலை செய்யுதோ? தண்ணியா? எதுவா இருக்கும்னு நினைக்கிற?"

"நீங்க வெட்டல. அதான்."

"என்னது?"

"வருஷா வருஷம் நீங்க நறுக்கிப் போட்ட நுனியை நான்தானே கூட்டினேன். கடுகுக்குக் கொஞ்சம் பெருசா, ஒவ்வொரு நுனியிலயும் காய் ஒட்டிட்டு இருக்கும். அடுத்த கோடைக்குக் காய்க்க வேண்டியதை எல்லாம் முன்னாடியே மழிச்சுட்டீங்க."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மாவா இருந்த? ஏன் சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேன். துணி மட்டும் வெட்டுன்னீங்க." அந்தம்மா விரலில் ஒட்டிய தேனைத் துடைத்தார். "அதுக்கப்புறம் கறிக்கடைக்காரரைக் கேட்டீங்க. பஸ்காரரைக் கேட்டீங்க. வாட்ச்மேனைக் கேட்டீங்க. அரிவாளோட போய் மரத்தையே கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? எனக்கும் ரூமு வேணும்ல, நான் பாட்டுக்கு இருந்துட்டேன். என்னைக்காவது கேப்பீங்க, சொல்லிடலாம்னும் இருந்தேன். கேக்கவே இல்ல."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். தெரு முழுக்கக் கேள்விக்காரர் என்று பெயர் வாங்கியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு முன்னால் இந்த வீட்டுக்குள் என்ன கேட்டிருக்கிறோம் என்று யோசித்தார். சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உன் ரூமை எங்க கட்டலாம்?" என்றார். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டார். "நீ என்ன நினைக்கிற?"

அந்தம்மா ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து சமையலறையைத் தாண்டிப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகைக்கு நடந்தார். பழைய சலூன் நாற்காலி, உடைந்த கண்ணாடிகள், துருப்பிடித்த கத்திப்பெட்டி என்று அவர் ஒருநாள் உதவும் என்று சேர்த்து வைத்திருந்த சாமான்களெல்லாம் அங்கேதான் கிடந்தன.

"இதெல்லாம் போயிட்டா இங்கயே ஆகும். மரத்தைத் தொடவே வேண்டாம். ஜன்னல் அந்தப் பக்கம் வச்சா வெளிச்சம் நேரா மெஷின்மேல விழும். வாசப்படி ஒசரம்கூட பாத்து வச்சிருக்கேன்."

"எப்ப பாத்த?"

"குச்சி நட்ட வருஷமே."

அந்தப் பழைய நாற்காலியை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதில்தான் தொழில் ஆரம்பித்தார். நல்ல இடது கையால் அதைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அந்தம்மா இடுப்பில் செருகியிருந்த சுண்ணக்கட்டியை எடுத்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

"அந்த மூலைக்குப் போங்க. போய்க் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

கேள்விக்காரர் ஒன்றும் கேட்காமல் போய்ப் பிடித்துக்கொண்டார்.