கிணற்றுத் தண்ணீர் குடித்த ஜீப்

போன செவ்வாய்க்கிழமை என் ஜீப் விலை போனது. நான் விற்றேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மையில் விற்றது என் மனைவி... அதுவும் மூன்றே மூன்று வாக்கியங்களில்!

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அந்த ஜீப்பைத் தெரிந்திருக்கும். ஐந்து வருடங்களுக்கு முன்பு வாங்கினேன். "கொழும்பில ஒரு லேடி டாக்டர் பாவிச்ச வாகனம்" என்றார் விற்றவர். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வாகனம் எல்லாவற்றையும் லேடி டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ, தெரியவில்லை.

வாங்கிய விலையை ஒரு தடவைதான் கொடுத்தேன். வைத்திருந்ததற்கு மாதா மாதம் கொடுத்தேன். முதல் வருடம் முன்பக்க புஷ் போனது. அடுத்த வருடம் ஷொக் அப்சோபர். டயர்கள் நான்கும் பேசி வைத்ததுபோல ஒரே மாதத்தில் தேய்ந்தன. இன்ஷூரன்ஸ், லைசன்ஸ், புகைச் சோதனை... இதற்கிடையில் டீசலும் அடிக்க வேண்டும்! சாய்ந்தமருதில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். உப்புக் காற்று அடியைத் தின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் பின்சீட்டின் கீழே விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், தார் வீதி தெரிகிறது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது சூடுதான்.

மட்டக்களப்புக்குப் போனால் பாதி வழியிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, பிறகு கிளம்ப வேண்டும். எங்கள் பக்கத்துக் கராஜில் காட்டினேன். மெக்கானிக் பொனட்டைத் திறந்தார், மூடினார். "எஞ்சின் ஹெட் போயிட்டு சேர். எஞ்சினக் கழட்டோணும்" என்றார். செலவைச் சொன்னபோது எனக்கும் முள் சிவப்புக்கு ஏறியது.

விற்றுவிடலாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் சூடு மட்டுமில்லை. மகள் நுஸ்ராவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிவருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் வாப்பா. சுவர் எழும்பிவிட்டது. கூரை இல்லை. நிக்காஹ்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ஜீப்பை விற்றால்தான் கூரை... கணக்கு அவ்வளவுதான்.

விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் சேவியர். சொறிக்கல்முனையில் நெல் செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். மாரியில் வயல் பாதையில் மோட்டார் சைக்கிள் புதைகிறது, விதை நெல் மூட்டை ஏற்ற ஜீப் வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்தார், வீதி முனைவரை ஓட்டிப் பார்த்தார். அவ்வளவு தூரத்துக்குள் முள் அசையாது என்பது எனக்குத் தெரியும். விலையும் ஒத்துவந்தது. கடைசியாக, எங்கள் வழக்கப்படி அண்ணன் முறைக்கு 'நானா' என்று அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, வேற பழுது ஏதும் இருக்கா?"

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். சர்க்கரை கரைந்துவிட்டதா என்று அத்தனை கவனமாக நான் என்றைக்குமே பார்த்ததில்லை. கூரைதான் கண்ணுக்குள் நின்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தம்பி, அது ஹீட்டாகிற. தூரம் ஓடினா முள்ளு செவப்புக்குப் போற. ஹெட் போயிட்டெண்டு கராஜில சொன்னாங்க."

சேவியர் என்னைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மறுநாள் வந்து நான்கு லட்சம் குறைத்துக் கேட்டார். வேறு வழி? சரி என்றேன். முற்பணம் தந்துவிட்டு, தன் மெக்கானிக்கிடம் காட்ட ஜீப்பைக் கொண்டுபோனார்.

"கூரையில பாதியப் பிரிச்சுப் போட்டாயே, புள்ள!" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"அந்தாள் உங்கட்டத்தானே கேட்டாரு? நீங்க கதைக்கல்ல. மறைச்சு வித்த காசில கூரை போட்டா, அதுக்குக் கீழ நம்மட புள்ள நிம்மதியாப் படுப்பாளா?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சேவியரின் அழைப்பு.

"நானா, ஹெட்டுக்கு ஒண்டுமில்ல. ரேடியேட்டர்தான் அடைச்சுக் கிடக்கு. உள்ளுக்க வெள்ளை வெள்ளையா உப்புப் படிஞ்சு போய்க் கிடக்கு. என்ன தண்ணி ஊத்தின நீங்க?"

"கிணத்துத் தண்ணிதான்."

"அதில தேத்தண்ணி போடுவீங்களா?"

"சே! அது உவர்த் தண்ணி. வாயில வைக்க ஏலாது."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுமுனையில் சேவியர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஐந்து வருடம்! எங்கள் தேநீருக்குக் குழாய்த் தண்ணீர். ஜீப்புக்குக் கிணற்றுத் தண்ணீர். கூலன்ட் வாங்கும் காசு மிச்சம் என்று பெருமை வேறு. பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினால்கூட யாராவது அன்போடு ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஊரே சேர்ந்து பாசத்தால் அதன் தொண்டையை அடைத்திருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள்... சேவியர் இதை என்னிடம் சொல்லியிருக்கவே தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான்கு லட்சம் அவருக்கு லாபம். எனக்கு ஆயுள் முழுக்கத் தெரிய வந்திருக்காது.

செவ்வாயன்று கையெழுத்து வைக்க வீட்டுக்கு வந்தார். அன்று நடந்ததுபோல ஒரு பேரத்தை நான் கண்டதில்லை. வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார், விற்கிற நான் இறக்குகிறேன்.

"ஹெட்டுக்காகத்தான் குறைச்சனான். ரேடியேட்டர்ச் செலவ மட்டும் கழிச்சுப்போட்டு மிச்சத்தத் தாறன், நானா."

"பேசின பேச்சு பேச்சுத்தான், தம்பி. அந்த விலைக்கு ஓம் எண்டுதானே சொன்னன்."

"அக்கா சொல்லாம இருந்திருந்தா முழு விலையும் தந்திருப்பன். உண்மையச் சொன்ன ஆக்களுக்கு நட்டம் வரலாமா?"

அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. காசை வாங்கி மனைவியிடம் கொடுத்தேன். அடுத்த கிழமை கூரை வேலை தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ்.

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை... எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் விற்பவரின் மனைவியிடம் கேளுங்கள்!