ஆறிய கால்

எனக்குப் பைத்தியம் என்பது தோட்டத்தில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அதை மூடி மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. வேலையாட்களை விரட்டுகிற மண்டோர் ஒருவர் என் தலைக்குள் இருந்தார். "ஒழுங்கா வெட்டு, சோம்பேறி" என்று நாள் முழுக்க வைவார். நானும் சும்மா விடமாட்டேன், எதிர்த்துக் கத்துவேன். ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்கார துரை ஓடிப்போனார், ரப்பர்ப் பால்வெட்டே நின்றுபோனது. என் மண்டோருக்கு மட்டும் வேலை ஓயவில்லை.

போர்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வேலையாட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், ஒரு வீட்டில் நானும் அக்காவும்தான். அவள் புருஷனைப் பறிகொடுத்தவள். பைத்தியம் என்ற சொல் அவள் காதில் விழுந்தால் சொன்னவர் தொலைந்தார். குழாயடியில் ஒருத்தியின் குடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஒன் புருஷன் கள்ளக் குடிச்சிட்டு ஒளர்றானே, அதுக்கு என்னாடி பேரு வச்சிருக்க?" என்று கேட்டவள்.

அரிசி கிடைக்காத காலம். மரவள்ளிக் கிழங்கையே தின்று என் கால்கள் வீங்கின. கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து, குழிந்து, நாற்றமெடுத்தது. எழுந்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று பாயிலேயே கிடந்தேன். அக்கா தலைமாட்டில் வந்து நின்றாள். "தலைக்குள்ள இருக்கிறத என்னால ஒன்னும் பண்ண முடியாதுடா. காலு கண்ணுக்குத் தெரியுது. அதையாவது பாக்குறேன்" என்றாள்.

பார்த்தாள். தவிட்டை வறுத்து உருண்டை பிடித்து என் வாயில் திணித்தாள். தூ, அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. முருங்கைக்கீரை அவித்துக் கொடுத்தாள். உப்புக் காய்ச்சப் போகும் பெண்களோடு என்னையும் கடலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். வழியெல்லாம் நொண்டிக்கொண்டே நடப்பேன். போய்ச் சேர்ந்ததும் காலைக் கடல் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் அலறுவேன். "கத்து, நல்லா கத்து. இங்க யாரும் ஒன்னைய ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்பாள். புண் கொஞ்சம் காய்ந்ததும் கிழங்குக் கொல்லையில் மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். மண்டோர் பேசினால் பதில் பேசக்கூடாது, மண்ணில் ஒரு வெட்டுப் போட வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

மண்டோர் போகவில்லை. ஆனால் வியர்க்க வியர்க்க வெட்டும்போது அவர் குரல் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டது. கால் வீக்கம் வடிந்தது. பசித்தது, தூக்கம் வந்தது, தோள் திரண்டது. புண்ணைப் புதுத்தோல் மூடியது. அக்கா என் காலை மடியில் தூக்கி வைத்துத் தடவிப் பார்த்தாள். "பாருடா, கொழந்த காலு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதே சமயம் லயத்து ஆண்கள் காலில் புண் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவன் திரும்புவதில்லை என்ற பேச்சு வந்துவிட்டது. ரப்பர்ப்பாலை உறைய வைக்கிற ஆசிட் ஸ்டோரில் மிச்சமிருந்தது. அதைத் துணியில் நனைத்துக் காலில் கட்டினால் புண் வந்துவிடும். புண்ணுக்காரனை ஆள் பிடிக்கிறவர்கள் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. பைத்தியத்தை எவன் பிடிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு காலையில் ஆண்கள் எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்று தப்பு அடித்தார்கள். வழக்கமாக வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்தான் அது. வரிசையில் நின்றோம். ஜப்பான்காரன் குச்சியோடு வந்தான், பின்னால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. கைலியைத் தூக்கச் சொல்லிக் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். புண், கட்டு, புண், புண். என் காலைப் பார்த்ததும் நின்றான். குச்சியால் தோளைத் தட்டினான். லாரிப் பக்கம் போய் நிற்கும்படி கிராணி கை காட்டினார்.

பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா ஓடிவந்தாள். "கிராணி ஐயா, அவன் பைத்தியங்க! யாருகிட்ட வேணுமின்னாலும் கேளுங்க. பைத்தியம்யா அவன்!"

அவள் வாயில் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். கிராணி அதை எடுத்துச் சொல்ல, ஜப்பான்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேசுடா தம்பி! ஒன் தலைக்குள்ள இருக்குற அந்த ஆளுகிட்ட பேசுடா! கத்துடா!"

நான் காத்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து என் மண்டோர் வாயைத் திறக்கவில்லை. நடித்திருக்கலாமே என்பீர்கள். பதில் பேசாதே என்று அவள் பழக்கிய வாய்க்கு அது வரவில்லை. லாரியில் ஏற்றினார்கள். லாரி தோட்டத்து எல்லையைத் தாண்டிய பிறகு, "ஒழுங்கா உக்காரு, சோம்பேறி" என்றார் மண்டோர்.

சியாமைப் பற்றி எழுத மாட்டேன். அங்கே நான் விழாமல் நின்றதற்கு அக்கா வளர்த்த உடம்புதான் காரணம், அவ்வளவுதான். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது அதே காலில் இன்னொரு புண் இருந்தது. அக்கா என்னை வாசற்படியில் உட்கார வைத்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, துணியை நனைத்துப் பிழிந்தாள். பிழிந்த துணி கையிலேயே இருக்க, புண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?" என்றேன்.

"இத ஆத்தலாமா தம்பி?" என்று கேட்டாள்.