சாமி என்றால் வரும் குரங்கு

மாரியாயிக்கு வாய் நீளம். கிள்ளான் பக்கத்து மேருவில் அந்த வரிசை வீடுகளில் இது தெரியாதவர் இல்லை. தொழிற்சாலை கேன்டீனில் சோறாக்குகிறவள். சோற்றை வீணாக்கினால் சூப்பர்வைசர்கூட நாலு வார்த்தை வாங்கிக்கொண்டுதான் நகர முடியும். அப்பேர்ப்பட்டவள் ஒரு குரங்குக்காக உருகிப்போனாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கிடங்கு கட்டினார்கள். போக்கிடமில்லாத குரங்குகள் கூரைக்கு வந்தன. அதில் ஒரு பெட்டை மின்கம்பியைப் பிடித்துவிட்டது. வலக்கை கருகி மாரியாயி வீட்டுச் சாக்கடைக் கால்வாயில் கிடந்தது, பாவம்.

பக்கத்து வீட்டு லோரிக்காரன் லோகன்தான் அதைச் சாக்கில் சுற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனான். மிருக வைத்தியர் கையை எடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். "புண்ணு ஆறினதும் கூட்டத்தோட விட்டுடுங்க. அதுவரைக்கும் கொஞ்சிப் பழக்காதீங்க. மனுசங்க மேல பயம் போச்சுன்னா அதோட உயிரும் போச்சு."

மாரியாயி கேட்டாளா? எங்கே கேட்டாள்! அனுமார் வம்சமாயிற்றே, கண்ட பேர் வைக்கலாமா என்று, "சாமி, வா சாமி" என்று வீட்டில் வைத்த கூண்டுக்குள் வாழைப்பழத்தை நீட்டினாள். நல்ல மனசுக்காரத் தெரு அது. எதிர்வீட்டார் பப்பாளி கொடுத்தார்கள், லோகன் பெண்டாட்டி கடலை கொடுத்தாள். எல்லார் வாயிலும் சாமிதான். கூரையில் காத்திருந்த கூட்டத்துக்கும் பங்கு விழுந்தது.

புண் ஆறியது. ஒரு சாயங்காலம் கூண்டைத் திறந்ததும் அது ஒற்றைக் கையால் தூணைப் பற்றி ஏறிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு கிழக் குரங்கு அதற்குப் பேன் பார்த்தது. சேர்த்துக்கொண்டார்கள்! மாரியாயி முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிழைத்துக்கொள்ளும் என்றே நம்பினாள்.

மறுநாள் காலையில் லோகன் தன் கூட்டாளி தம்புசாமிக்காகக் காத்திருந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், லோரிக்குப் பக்கத்தில். நேரமாகிவிட்டது என்று எப்போதும்போலக் கத்தினான்.

"டேய் சாமி! வாடா சாமி, லேட்டாச்சுலா!"

தம்புசாமி வருவதற்குள் கூரையிலிருந்து அது குதித்தது. நொண்டி நொண்டி ரோட்டுக்கு ஓடியது. சிமெண்டு லோரி ஒன்று பிரேக் அடிக்கவே இல்லை.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மாரியாயி எல்லாவற்றையும் பார்த்தாள். லோகன் ஓடி வந்தான்.

"அக்கா, நான் அத கூப்பிடலக்கா. தம்புசாமியத்தான்..."

அவனைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று தெருவே பார்த்தது. அவள் கூட்டுமாறைக் கீழே போட்டாள்.

"நீ என்னடா பண்ணுவ. அந்தச் சொல்லச் சொல்லிக் குடுத்தவ நானு."

கால்வாய் ஓரமாகத் தம்புசாமி குழி தோண்டினான். அவளே மண் தள்ளினாள். கேன்டீனில் அந்த வாரம் யாரும் திட்டு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வாசலிலிருந்த முனியாண்டி மேடையில் சூடம் ஏற்றினாள். கைகூப்பி, "சாமி" என்று வாய்விட்டுக் கதறிவிட்டாள்.

கூரையில் சலசலப்பு கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். நாலைந்து குரங்குகள் ஓட்டின் விளிம்புக்கு வந்து, பழத்துக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தன.

மாரியாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.