காவாந்தண்டலத்தில் எனக்கு யார்?

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் எங்கள் ஊர். சம்பா நடவு முடிந்த கையோடு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாக வீடு திரும்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை, இளம் டாக்டரம்மா ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கும் டெங்கு கிருமியின் மரபணுவையும், யாருக்கு எந்த ஊரில் எப்போது காய்ச்சல் கண்டது என்ற விவரத்தையும் சேர்த்துப் பார்க்கும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. திரையில் மரக்கிளை மாதிரி கோடுகள், நுனியில் புள்ளிகள்.

"இந்தப் புள்ளி நீங்க. ஒட்டினாப்ல இருக்கறது காவாந்தண்டலத்துல ஒரு பொண்ணு. கிருமி ஆளுக்கு ஆள் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா மாறும். உங்க ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. உங்க ஊர்ல மத்தவங்களுக்கு வேற மாதிரி. ரெண்டு பேரையும் ஒரே இடத்துலதான் கொசு கடிச்சிருக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஊரில் எனக்கு உறவென்று ஒருவரும் கிடையாது. காய்ச்சலுக்கு முன்பு வீடு, வயல் தவிர நான் எங்கும் போகவுமில்லை. காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"காவாந்தண்டலத்துல யாரு கீறாங்க உங்களுக்கு?"

"யாரும் இல்ல."

"அப்போ மிஷினு பொய் சொல்லுதா?"

காய்ச்சல் மயக்கத்தில் எங்காவது போய்விட்டு மறந்துவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பெண் இன்னும் ஆபத்தான நிலையில்தான் இருக்கிறாள், கொசு கடித்த இடம் தெரியாவிட்டால் இன்னும் பலருக்குப் பரவும் என்றார் டாக்டர். இரு தரப்பும் சம்மதித்ததால், பெண்ணின் தாயைப் பார்க்கக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவியும் கூடவே வந்தாள்.

வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. நான் அவரைப் பார்த்ததில்லை; அவரும் என்னைப் பார்த்ததில்லை. கோயில், சந்தை, கல்யாணம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில், வேலைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

"நடவுக்குப் போனோம் மேடம். காலேஜ் லீவுன்னு இவளும் வந்தா. எந்த ஊருன்னு இன்னாத்த கண்டோம்? வேன்ல ஏத்திக்கினு போவாங்க, நட்டுட்டு வந்துருவோம். அன்னிக்கு மழை புடிச்சிக்கிச்சு. பச்சக் கதவு போட்ட பம்புசெட்டு ரூம்ல ஒண்டிக்கினு இருந்தோம். உள்ள ஒரே கொசு."

என் பம்புசெட்டு அறைக்குப் பச்சைக் கதவு. உள்ளே மூடாத டிரம்களில் கூரை ஒழுகிய மழைத் தண்ணீர் நின்றிருந்தது. தினமும் பகலில் அங்கேதான் உட்காருவேன். நடவுக்கு ஆள் வேண்டுமென்று, வேனில் ஆள் கூட்டிவரும் மேஸ்திரியிடம் சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும். அன்று வரப்பில் நின்று நான் பார்த்ததெல்லாம் குனிந்த முதுகுகளைத்தான்.

"அது என் வயல்தாம்மா" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்க வயலா? பயிரு நல்லா புடிச்சிக்கிச்சா?"

அன்று மாலையே டிரம்களைக் கவிழ்த்தோம். அந்தப் பெண் பிழைத்து வீடு திரும்பினாள். மகள் உயிருக்குப் போராடிய நேரத்தில் அந்த அம்மா ஏன் என் பயிரை விசாரித்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நடவு வேன் வந்து நின்றால், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்து ஊரையும் பேரையும் கேட்காமல் என்னால் வரப்பில் ஏற முடிவதில்லை.